சுவிட்சில் கியூஓஎஸ் அமைப்பது எப்படி: டர்பன் அலுவலகம் ஒன்றை வைத்து முழுமையான வழிகாட்டி

போனில் பேச்சு அறுந்து அறுந்து வருகிறது என்று புகார் வந்ததும் பலர் முதலில் செய்வது, சுவிட்சின் வெப் பக்கத்தைத் திறந்து கியூஓஎஸ் (நெரிசலில் எந்தத் தகவல் முன்னால் போவது என்ற விதி) என்ற பெட்டியில் டிக் போடுவது. அரை மணியில் போன் வரும்: "அண்ணே, போட்டாச்சு. ஆனா முன்னைவிட மோசமாயிருச்சே!" தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். அந்த டிக் ஏறக்குறைய கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை எட்டு இருக்கின்றன, அவற்றின் வரிசை மாறக் கூடாது.

உதாரணத்துக்குத் துறைமுகத்தை அடுத்த ஒரு சுங்கக் கிளியரிங் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். 24 ஐபி போன், 30 கணினி, 16 கண்காணிப்பு கேமரா, ஒரு சர்வர். இவை செருகும் இரண்டு ஆக்சஸ் சுவிட்ச், அவற்றை இணைக்க நடுவில் ஒரு கோர் சுவிட்ச். வெளியே போக ஃபைபர் இணைப்பு, அதன் அப்லோடு 20 எம்பிபிஎஸ். ஃபைபர் படுத்துவிட்டால் எல்டிஇ (மொபைல் இணைய) ரூட்டர் கைகொடுக்கும். சாட்ஸ்வொர்த்தில் ஒரு சின்னக் கிளை, அது விபிஎன் (இணையத்தின் மேல் குறியாக்கம் செய்த தனிப் பாதை) வழியாக இணைந்திருக்கிறது.

1. நெரிசல் எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள்

கியூஓஎஸ் வேகத்தைக் கூட்டாது. நெரிசல் வரும்போது யார் முன்னால் போவது என்று மட்டுமே சொல்லும். துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் ரோட்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாளில்தான் எந்த லாரி முதலில் என்ற கேள்வி வரும். சாலை காலியாக இருந்தால் கேட்டில் ஆள் நிறுத்தி என்ன பயன்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். பேச்சை டிஜிட்டலாக்கும் ஜி.711 கோடெக்கில் ஒரு அழைப்புக்கு ஈதர்நெட் தலைப்பு உட்பட ஒரு திசைக்கு 87.2 கேபிபிஎஸ். இருபது பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1.75 எம்பிபிஎஸ்தான். ஒரு கிகாபிட் இணைப்பில் அது தூசி. அப்படியானால் பேச்சு ஏன் அறுகிறது?

மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, வேகம் சட்டென்று குறையும் போர்ட். பழைய ஐபி போன்களில் உள்ள போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். கணினி அந்தப் போனின் பின்னால் செருகப்பட்டிருக்கும். சர்வரிலிருந்து ஒரு பெரிய ஃபைல் கிகாபிட் வேகத்தில் வந்து அந்த 100 எம்பிபிஎஸ் வாசலில் முட்டும்போது, அதே வாசலில் பேச்சுப் பாக்கெட்டும் காத்திருக்கிறது. இரண்டாவது, பல போர்ட் சேர்ந்து ஒரே அப்லிங்கில், அதாவது அடுத்த சுவிட்சுக்குப் போகும் இணைப்பில், கொட்டும் இடம். மூன்றாவது, இணைய வாசல். டர்பனில் நான் பார்த்த புகார்களில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது இடத்தில் பிறந்தவை. அதற்கு எட்டாம் படியில் வருகிறேன்.

இன்னொன்று. போர்ட் கவுன்ட்டரில் சிஆர்சி பிழை (கெட்டு வந்த பாக்கெட்) ஏறிக்கொண்டிருந்தால் அது கேபிள் கோளாறு அல்லது டூப்ளெக்ஸ் பொருந்தாமை (ஒரே நேரத்தில் அனுப்பிப் பெறுவதில் இரு முனையும் ஒத்துப்போகாதது). கெட்டுப்போன பாக்கெட்டுக்கு முன்னுரிமை கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அதை முதலில் சரிசெய்துவிட்டு மறுபடி கேட்டுப் பாருங்கள். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

2. கையில் இருக்க வேண்டியவை

சுவிட்ச் மேனேஜ்டு வகையாக, அதாவது உள்ளே போய் அமைப்பை மாற்றக்கூடியதாக, இருக்க வேண்டும். வழியில் ஒரே ஒரு சாதாரண சுவிட்ச், அதாவது மேசைக்கடியில் யாரோ செருகிவிட்ட ஐந்து போர்ட் பெட்டி, இருந்தாலும் அந்த இடத்தில் உங்கள் அமைப்பு நின்றுவிடலாம். வரைபடம் இல்லையென்றால் ஒரு தாளில் வரையுங்கள்: எந்த போர்ட்டில் எது, எந்த விலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி வலை), எந்த வேகம்.

இப்போதைய அமைப்பின் நகல் ஒன்றை எடுத்து வையுங்கள். கன்சோல் கேபிள் கூடவே இருக்கட்டும். தொலைவிலிருந்து செய்து நீங்களே உங்களை வெளியே பூட்டிக்கொண்டால் காரை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். வேலை நேரத்தில் தொடாதீர்கள். சரக்குக் காகிதங்கள் சுங்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் இணைப்பு ஐந்து நொடி நின்றாலும் யாரோ ஒருவர் உங்கள் பெயரைச் சொல்லிக் கத்துவார்.

3. போக்குவரத்தைக் காகிதத்தில் வகை பிரியுங்கள்

சுவிட்சைத் தொடுவதற்கு முன் ஒரு அட்டவணை எழுதுங்கள். எட்டுப் பத்து வகை வேண்டாம். ஐந்து போதும், நான்கு இருந்தால் இன்னும் நல்லது. எதிரே உள்ளது டிஎஸ்சிபி, அதாவது பாக்கெட்டின் தலைப்பில் எழுதும் முன்னுரிமை எண்.

பேச்சு: டிஎஸ்சிபி 46, இதற்கு ஈஎஃப் என்று பெயர்.
வீடியோ கூட்டம்: 34.
அழைப்பை ஏற்படுத்தும் சிப் சிக்னல்: 24.
பின்னணி வேலைகள், அதாவது கிளவுட் பேக்கப், அப்டேட்: 8.
மற்ற எல்லாம்: 0.

கேமராவை எங்கே வைப்பது என்று எல்லாரும் கேட்பார்கள். பதிவு செய்யும் பெட்டி உள்ளேயே இருந்தால் 0 போதும். பதினாறு கேமரா, தலா 4 எம்பிபிஎஸ் என்றாலும் 64 எம்பிபிஎஸ்தான். கிகாபிட் அப்லிங்க் அதைக் கண்டுகொள்ளாது. காவலர் அறைக்கு மட்டும் 100 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால், அங்கே அதற்குத் தனி வகை கொடுங்கள்.

முதலாளி தன் கணினிக்கு முன்னுரிமை கேட்பார். மரியாதையாக மறுத்துவிடுங்கள். முன்னுரிமை வேலைக்கு உரியது, ஆளுக்கு அல்ல. அவர் கணினியில் ஓடும் பேக்கப்பும் அந்த முன்னுரிமையில் ஏறிக்கொள்ளும். பிறகு அவருடைய போனே அறுபடும்.

4. யாரை நம்புவது என்று முடிவு செய்யுங்கள்

பாக்கெட்டின் தலைப்பில் 46 என்று எழுதியிருப்பதாலேயே அது பேச்சு ஆகிவிடாது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். எந்த இடத்தில் அந்த எண்ணை நம்புவது, எந்த இடத்தில் அழித்து 0 ஆக்குவது என்ற எல்லைக்கோடுதான் ட்ரஸ்ட் பவுண்டரி.

பொதுவான விதி இது. போன் செருகிய போர்ட்டில் போனை நம்பலாம், போனுக்குப் பின்னால் உள்ள கணினியை நம்பக் கூடாது. வெறும் கணினி போர்ட்டில் நம்ப வேண்டாம். சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் இடையிலான அப்லிங்கில் கட்டாயம் நம்ப வேண்டும்.

புதியவர்கள் தடுமாறுவது இந்தக் கடைசி வரியில். ஆக்சஸ் சுவிட்சில் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, அப்லிங்க் போர்ட்டில் டிஎஸ்சிபி ட்ரஸ்ட் போட மறந்துவிடுவார்கள். எண் கோர் சுவிட்சுக்குள் நுழையும்போதே துடைக்கப்படும். அப்லிங்கின் இரு முனையிலும் போட்டீர்களா என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

மாடலுக்கு மாடல் இயல்புநிலை வேறு. சிஸ்கோவின் பழைய கேட்டலிஸ்ட் 2960, 3560, 3750 வரிசைகளில் 'எம்எல்எஸ் கியூஓஎஸ்' என்ற கட்டளையைக் கொடுத்த நொடியிலிருந்து எல்லா போர்ட்டும் நம்பாத நிலைக்குப் போகும். வரும் எண்ணெல்லாம் 0 ஆகும். அதுவரை பத்திரமாகக் கடந்து போன 46 அன்றிலிருந்து காணாமல் போகும். அதோடு, போர்ட்டின் பஃபர் (பாக்கெட் காத்திருக்கும் நினைவிடம்) நான்கு கியூவுக்கும் (வரிசைக்கும்) பங்கு பிரிக்கப்படுவதால், சாதாரண டேட்டாவிலும் பாக்கெட் விழ ஆரம்பிக்கும். டிக் போட்டதும் "முன்னைவிட மோசம்" ஆனதற்கு இவைதான் காரணம். புதிய கேட்டலிஸ்ட் 9000 வரிசையில் நிலைமை தலைகீழ்: அது எல்லா போர்ட்டையும் இயல்பாகவே நம்பும். எனவே அங்கே நம்பக் கூடாத போர்ட்டில் எண்ணை அழிக்கும் பாலிசியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

5. எண்ணை மூலத்திலேயே எழுதவையுங்கள்

பேச்சுக்குத் தனி விலான் போட்டு, எல்எல்டிபி-மெட் இயக்கி வைத்தால், எந்த விலான், எந்த டிஎஸ்சிபி என்பதைச் சுவிட்சே போனுக்குச் சொல்லிவிடும். 24 போனிலும் தனித்தனியாக உள்ளே போய் எழுத வேண்டியதில்லை.

கணினியில் ஓடும் டீம்ஸ் போன்றவற்றுக்கு இது போதாது. விண்டோஸில் சாதாரண நிரல் தானாக டிஎஸ்சிபி எழுத முடியாது; குரூப் பாலிசியில் உள்ள பாலிசி பேஸ்டு கியூஓஎஸ் வழியாகச் சொல்ல வேண்டும். டீம்ஸ் பேச்சுக்கு 50000 முதல் 50019 வரை, வீடியோவுக்கு 50020 முதல் 50039 வரை, திரைப் பகிர்வுக்கு 50040 முதல் 50059 வரை என்று சோர்ஸ் போர்ட்களைப் (சுவிட்சின் போர்ட் அல்ல, நிரல் பயன்படுத்தும் எண்கள்) பிரித்து வைத்திருக்கிறது. கணினியை நம்பாத போர்ட்டில் இதே போர்ட் எண்களை வைத்துச் சுவிட்சிலேயே ஏசிஎல் (பாக்கெட்டை அடையாளம் காணும் விதிப்பட்டியல்) எழுதி 46, 34 என்று மார்க் இடலாம். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். கணினியில் யார் எதை மாற்றினாலும் சுவிட்சில் எழுதியது கலையாது.

சாட்ஸ்வொர்த் கிளைக்குப் போகும் பேச்சையும் விபிஎன்னுக்குள் நுழையும் முன்பே மார்க் செய்துவிடுங்கள். குறியாக்கம் ஆன பிறகு உள்ளே இருக்கும் போர்ட் எண் யாருக்கும் தெரியாது. ஐபிசெக் வகை விபிஎன் டனலில் உள் தலைப்பின் டிஎஸ்சிபி வெளித் தலைப்புக்கு நகலாகும் என்பதால், அந்த எண் ஒன்றுதான் அடையாளமாக மிஞ்சும்.

6. மேப் அட்டவணையைத் திறந்து பாருங்கள்

பாக்கெட்டில் இரண்டு எண்கள் உண்டு. ஐபி தலைப்பில் டிஎஸ்சிபி, ஆறு பிட், 0 முதல் 63 வரை. விலான் டேகில் சிஓஎஸ், மூன்று பிட், 0 முதல் 7 வரை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றச் சுவிட்சுக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது. பலர் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

பழைய கேட்டலிஸ்டில் சிஓஎஸ் 5 என்று வரும் பேச்சு, இயல்பான அட்டவணைப்படி டிஎஸ்சிபி 40 ஆகிவிடும், 46 ஆகாது. சுவிட்சுக்குள் பிரச்சினை தெரியாது. வெளியே ரூட்டர் 46-ஐ மட்டும் தேடிக்கொண்டிருக்கும், அதற்கு ஒன்றும் கிடைக்காது. அட்டவணையில் 5-க்கு எதிரே 46 என்று திருத்துங்கள். அல்லது சிஓஎஸ்ஸை விட்டுவிட்டு எல்லா இடத்திலும் டிஎஸ்சிபியையே நம்புங்கள். தொந்தரவு குறைவு.

7. கியூக்களைப் பங்கிடுங்கள்

இங்கே இரண்டு முறைகள் உண்டு. ஸ்ட்ரிக்ட் பிரையாரிட்டி கியூவில் ஒரு பாக்கெட் இருக்கும்வரை மற்ற கியூக்கள் காத்திருக்கும். வெயிட்டட் ரவுண்ட் ராபினில் ஒவ்வொரு கியூவும் தன் பங்குக்கு ஏற்பப் போகும்.

பேச்சை மட்டும் ஸ்ட்ரிக்டில் போடுங்கள். மற்ற எல்லாம் வெயிட்டட். வீடியோவையும் ஸ்ட்ரிக்டில் போடும் ஆசை வரும், வேண்டாம். பேச்சு சீரான சின்னப் பாக்கெட். ஒரு அழைப்புக்கு நொடிக்கு 50, அவ்வளவுதான். வீடியோ திடீர் திடீரென்று குவியலாக வரும். இரண்டும் ஒரே கியூவில் இருந்தால் வீடியோக் குவியலுக்குப் பின்னால் பேச்சு மாட்டிக்கொள்ளும்.

ஸ்ட்ரிக்ட் கியூவுக்கு ஒரு மேல்வரம்பு வைக்க முடிந்தால் வையுங்கள். இணைப்பின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. வரம்பு இல்லையென்றால், தவறாக 46 எழுதும் ஒரே ஒரு கருவி மற்ற எல்லாரையும் பட்டினி போட்டுவிடும்.

மீதிப் பங்குக்கு என் தொடக்கப் புள்ளி: வீடியோ 30, சிக்னல் 5, சாதாரண டேட்டா 55, பின்னணி 10. சாதாரண டேட்டாவுக்குக் குறைவாகக் கொடுத்துவிட்டு "இன்டர்நெட் ஸ்லோ" என்ற புதுப் புகாரை வரவழைத்துக்கொள்ளாதீர்கள்.

கியூ எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. பழைய கேட்டலிஸ்டில் வெளியேறும் பக்கத்து முன்னுரிமைக் கியூ 1. அதே சிஸ்கோவின் சிறு அலுவலக வகைகளில் எண் பெரிதாகப் பெரிதாக முன்னுரிமை கூடும். எட்டுக் கியூ உள்ளதில் 8தான் உச்சம். ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் அப்படியே பெயர்த்து எழுதினால் பேச்சு கடைசிக்குப் போய்விடும்.

8. இணைய வாசலில் நெரிசலை உங்கள் பக்கம் இழுங்கள்

சுவிட்சிலிருந்து ரூட்டருக்குக் கிகாபிட் கேபிள். ரூட்டரிலிருந்து வெளியே 20 எம்பிபிஎஸ். நெரிசல் எங்கே? சுவிட்சில் இல்லை, சேவையாளர் கொடுத்த பெட்டிக்குள். அந்தப் பெட்டிக்கு உங்கள் கியூ எதுவும் தெரியாது. அதற்குள் ஒரு மெகாபைட் பாக்கெட் வரிசை கட்டினால், 20 எம்பிபிஎஸ் வேகத்தில் அது கரைய 400 மில்லி நொடி ஆகும். ஒரு திசைத் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை. சுவிட்சில் நீங்கள் எவ்வளவு அழகாக அமைத்திருந்தாலும் இங்கே எல்லாம் வீண்.

வழி: அந்தப் பெட்டியை நோக்கிய போர்ட்டில் ஷேப்பிங் (அனுப்பும் வேகத்துக்கு வரம்பு) போட்டு, அளந்து பார்த்த அப்லோடு வேகத்தில் 90 சதவீதத்துக்கு, அதாவது இங்கே 18 எம்பிபிஎஸ்ஸுக்கு, இறக்குங்கள். விளம்பரத்தில் சொன்ன வேகம் வேண்டாம், வேலை நாளில் நண்பகலில் அளந்தது வேண்டும். இப்போது வரிசை உங்கள் சுவிட்சில் உருவாகும். உங்கள் கியூ விதிகள் வேலை செய்யும்.

உங்கள் சொந்த ரூட்டரில் ஷேப்பிங் வசதி இருந்தால் அங்கே செய்வதுதான் மேல். முக்கியமாக, விலான்களுக்கு இடையிலான போக்குவரத்தும் அதே கேபிள் வழியாக ரூட்டருக்குப் போய்த் திரும்பினால், சுவிட்ச் போர்ட்டில் ஷேப்பிங் போடவே போடாதீர்கள். சர்வருக்கும் கணினிக்கும் இடையில் ஃபைல் நகர்வதும் 18 எம்பிபிஎஸ்ஸில் தவழ ஆரம்பிக்கும்.

எல்டிஇக்கு மாறும்போது என்ன ஆகும்? அப்லோடு வேகம் அன்றைக்கு என்ன கிடைக்கிறதோ அதுதான். எல்டிஇ ரூட்டரை வேறு போர்ட்டில் செருகி, அந்த போர்ட்டுக்குத் தனியாக, மோசமான நாளில் அளந்த வேகத்தை வைத்து ஷேப்பிங் போடுங்கள். கிளவுட் பேக்கப்பை அந்தப் பாதையில் அறவே தடுத்துவிடுவது நல்லது.

9. இப்போது டிக் போடுங்கள், சேமியுங்கள்

முதலில் ஒரே ஒரு ஆக்சஸ் சுவிட்ச். ஒரு நாள் பார்த்துவிட்டு அடுத்தது. கோர் சுவிட்சில் அப்லிங்க் ட்ரஸ்ட் ஏற்கெனவே தயாராக இருக்க வேண்டும்.

அப்புறம் சேமியுங்கள். ஓடும் அமைப்பும் தொடக்க அமைப்பும் பல சுவிட்சுகளில் வேறு வேறு. வெப் பக்கத்தில் அப்ளை கொடுத்தது மறுதொடக்கத்தில் போய்விடும். நம் ஊரில் இது வெறும் எச்சரிக்கை அல்ல. 2024 மார்ச்சுக்குப் பிறகு லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் கோளாறு என்று மின்சாரம் போவது நிற்கவில்லை. யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து சுவிட்ச் அணைந்து எழுந்ததும், சேமிக்காத கியூஓஎஸ் எல்லாம் பறந்திருக்கும். சேமித்த பிறகு வேண்டுமென்றே ஒருமுறை சுவிட்சை அணைத்துப் போட்டு, எல்லாம் அப்படியே வருகிறதா என்று பாருங்கள்.

10. நெரிசலை உண்டாக்கிச் சோதியுங்கள்

வெறும் நெட்வொர்க்கில் போன் செய்து "தெளிவாக் கேக்குது" என்று சொல்வது சோதனையே அல்ல. ஐபெர்ஃப் என்ற சோதனை நிரலைக் கொண்டு அப்லிங்கை நிரப்புங்கள், அல்லது பெரிய ஃபைலை கிளவுடுக்கு ஏற்றுங்கள். அது ஓடும்போதே ஐந்து நிமிடம் பேசுங்கள்.

கூடவே கோர் சுவிட்சில் போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டில் போவதை இன்னொன்றுக்கு நகலெடுப்பது) போட்டு, பாக்கெட்டைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் பேச்சுப் பாக்கெட் ஒன்றைத் திறந்து பாருங்கள். டிஎஸ்சிபி இருக்கும் இடத்தில் 46 என்று தெரிய வேண்டும். முழு பைட்டாகக் காட்டும் கருவியில் 184 என்று வரும், பயப்பட வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். 0 தெரிந்தால் நான்காம் படிக்கும், 40 தெரிந்தால் ஆறாம் படிக்கும் திரும்புங்கள். லினக்ஸில் பிங் கட்டளைக்கு டாஸ் மதிப்பு (அதே முழு பைட்) 184 கொடுத்து அனுப்பினால், போன் இல்லாமலே பாதையைச் சோதிக்கலாம்.

கடைசியாகக் கியூ கவுன்ட்டர்கள். பேச்சுக் கியூவில் பாக்கெட் ஏற வேண்டும், டிராப் (விழுந்த பாக்கெட்) பூஜ்யமாக இருக்க வேண்டும். டிராப் பின்னணிக் கியூவில் ஏறினால் சந்தோஷப்படுங்கள், அது அங்கேதான் விழ வேண்டும். எல்லா எண்ணிக்கையும் சாதாரண டேட்டாக் கியூவிலேயே ஏறி மற்றவை பூஜ்யம் என்றால், மார்க் வந்து சேரவில்லை என்று பொருள்.

11. வைஃபையில் ஒரு கண்ணி

கிடங்கில் வைஃபை போன் வைத்திருந்தால் இதைப் படியுங்கள். பல ஆக்சஸ் பாயின்ட்கள் (வைஃபை பெட்டிகள்) டிஎஸ்சிபியின் முதல் மூன்று பிட்டை அப்படியே எடுத்து வைஃபை முன்னுரிமையாக வைத்துக்கொள்ளும். 46-இன் முதல் மூன்று பிட் 5. வைஃபையில் 5 என்றால் வீடியோ வகை. பேச்சு வகைக்கு 6 அல்லது 7 வேண்டும். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தர ஆவணம் இதற்காகவே 46-ஐ 6-க்கு மாற்றச் சொல்கிறது. ஆக்சஸ் பாயின்ட்டில் அந்த மேப் இருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சில் தேடினால் கிடைக்காது.

12. கோயில் நேரலைக்கு இதையே மாற்றிச் செய்வது

தைப்பூசக் காவடி நாளில் கோயிலிலிருந்து நேரலை விடுபவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் இதையும் சேர்த்துவிடுகிறேன். கூட்டத்தில் இருக்கும் அத்தனை போனும் கோயில் வைஃபையில் ஏறிப் படம் அனுப்பும்போது நேரலை நின்று நின்று போகும்.

படிகள் அதேதான், வகைதான் வேறு. ஆர்டிஎம்பி என்ற முறையில் விடும் நேரலை டிசிபியில் (விழுந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பும் முறை) போகிறது, பார்ப்பவருக்குச் சில நொடி தாமதமாகத்தான் சேர்கிறது. அதற்குத் தாமதம் பிரச்சினை இல்லை. அகலம் குறைந்தால்தான் பிரச்சினை. ஆகவே ஸ்ட்ரிக்ட் கியூ வேண்டாம், பெரிய பங்குள்ள ஒரு வெயிட்டட் கியூ கொடுங்கள். நேரலைக் கணினியைக் கேபிளில் செருகி, அந்த ஒரு போர்ட்டில் வருவதையெல்லாம் சுவிட்சே 34 என்று மார்க் இடட்டும். அந்தக் கணினியில் வேறு எதையும் ஓட்டக் கூடாது. விருந்தினர் வைஃபை விலானுக்கு 8. எட்டாம் படியின் ஷேப்பிங்கை மறக்காதீர்கள், அது இல்லாமல் மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது. அப்லோடு வேகத்தை முந்தின நாள் காலியான மண்டபத்தில் அளக்காமல், கூட்டம் வரும் சாதாரண வெள்ளிக்கிழமைப் பூஜை நேரத்தில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.